சளி பிடிச்சா வீட்டுலேயே என்ன செய்யலாம்? உப்புத் தண்ணி, தேன், ஆவி: சரியான அளவும் முறையும்

வணக்கம். சளின்னு சொன்னாலே ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவாங்க. அதுல எது எதுக்கு உதவும், எவ்வளவு எடுக்கணும்னு இன்னைக்குப் பாத்துடலாம். முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். சளியை உண்டாக்குற வைரஸ் 200-க்கு மேல இருக்கு, அதுல ரைனோ வைரஸ்தான் அதிகம். எந்த வீட்டு வைத்தியமும் அதைக் கொல்லாது, ஆன்டிபயாட்டிக்கும் கொல்லாது. பெரும்பாலும் 7 லேர்ந்து 10 நாள்ல உடம்பே சரி பண்ணிக்கும். அதுவரைக்கும் மூக்கடைப்பு, தொண்டை வலி, ராத்திரி இருமல்னு மூணும் ஆளைத் தூங்க விடாது. நாம குறைக்கப் போறது அந்த அவஸ்தையைத்தான்.

மூக்கடைப்புக்கு எனக்கு ரொம்ப நம்பிக்கையானது உப்புத் தண்ணியால மூக்கைக் கழுவுறது. நிறைய பேர் ஒரு தடவை செஞ்சுட்டு, எரியுதுன்னு விட்டுடறாங்க. எரியறதுக்குக் காரணம் அளவு தப்பா இருக்கறதுதான். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதுதான் நம்ம ரத்தத்துல இருக்கற உப்புக்குச் சமம். உப்பு குறைஞ்சா மூக்குக்குள்ள இருக்கற செல்லு தண்ணியை உறிஞ்சி வீங்கும், கூடினாலும் காந்தும். 250 மில்லிக்குப் பொடி உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவா போடுங்க. அயோடின் சேர்க்காத உப்பா இருந்தா நல்லது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தா எரிச்சல் இன்னும் குறையும். பேக்கிங் பவுடர் வேற, அதைப் போட்டுடாதீங்க.

இப்ப தண்ணி. குழாய்த் தண்ணியை அப்படியே மூக்குல விடவே கூடாது. நெக்லேரியா ஃபௌலேரின்னு ஒரு அமீபா இருக்கு. குடிச்சா ஒண்ணும் செய்யாது, மூக்கு வழியா போனா மூளைக்கு ஏறிடும். அபூர்வம்தான், ஆனா வந்தா பிழைக்கறது ரொம்பக் கஷ்டம். அதனால தண்ணி தளதளன்னு கொதிக்க ஆரம்பிச்சப்புறம் 1 நிமிஷம் முழுசா கொதிக்கணும். அப்புறம் மூடி வச்சு, வெதுவெதுப்பா ஆறவிடுங்க. டிஸ்டில்ட் வாட்டரும் சரிதான்.

வாஷ்பேசின் மேல குனிஞ்சு, தலையை ஒரு பக்கமா சாய்ச்சுக்கோங்க. வாயைத் திறந்து வாய் வழியா மட்டும் மூச்சு விடுங்க. உப்புத் தண்ணியை மூக்கு கழுவுற பாட்டில்ல ஊத்தி, மேல இருக்கற மூக்குத் துவாரத்துல வச்சு மெதுவா அழுத்துங்க, கீழ இருக்கற துவாரம் வழியா வெளியே வரும். பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பாட்டிலை வேகமா அழுத்தினாலோ, முடிச்ச உடனே பலமா சிந்தினாலோ, தண்ணி காதுக்குப் போற குழாய்ல ஏறி காது வலிக்கும். முன்னால குனிஞ்சு அதுவா வடியட்டும். காது வலிச்சாலோ, ஒரு பக்கம் முழுசா அடைச்சு தண்ணி போகவே இல்லைன்னாலோ நிறுத்திடுங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை போதும். பாட்டிலைக் கழுவி, நல்லா காயவிட்டுத்தான் எடுத்து வைக்கணும்.

தொண்டைக்கு இதே உப்புதான், ஒரு டம்ளர் இளஞ்சூடான தண்ணிக்கு கால் லேர்ந்து அரை டீஸ்பூன். தலையை அண்ணாந்து கொப்பளிச்சுத் துப்பிடுங்க. கொப்பளிக்கத் தெரியாத சின்னக் குழந்தைங்களுக்கு இது வேண்டாம்.

ராத்திரி இருமலுக்குத் தேன். படுக்கறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி, 1 வயசுக்கு மேல இருக்கற குழந்தைக்கு அரை லேர்ந்து ஒரு டீஸ்பூன், பெரியவங்களுக்கு ரெண்டு டீஸ்பூன். 1 வயசு முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு துளி கூட கூடாது, நாக்குல தடவறதும் கூடாது. தேன்ல இருக்கக்கூடிய கிருமி வித்து அந்தக் குழந்தையோட குடல்ல வளர்ந்து பொட்டுலிசம்ங்கற நோயைக் கொண்டுவரும், தசையெல்லாம் தளர்ந்து போயிடும். தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

ஆவி பிடிக்கறது கொஞ்ச நேரம் இதமா இருக்கும், அவ்வளவுதான். கொதிக்கற பாத்திரத்தைத் தட்டிவிட்டு வெந்து போறவங்க நிறைய, அதுலயும் குழந்தைங்க பாவம். குளியலறையில வெந்நீர் ஷவரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திட்டு 10 நிமிஷம் உட்கார்ந்தா அதே இதம் கிடைக்கும். கற்பூரம் கலந்த தைலத்தை 2 வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்குத் தடவாதீங்க, யாருக்குமே மூக்குத் துவாரத்துக்குள்ள தடவாதீங்க.

சைலோமெட்டாசோலின் மாதிரி மூக்கு சொட்டு மருந்து போட்டா உடனே திறந்துக்கும். ஆனா 5 நாளைத் தாண்டிப் போட்டா, மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிச்சுடும். சளி மாத்திரை நிறையத்துல பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கு. அட்டையைப் படிக்காம தனியா இன்னொரு பாராசிட்டமால் போட்டா கல்லீரலுக்கு ஆபத்து.

சளி பச்சையா வருதுன்னு பயப்பட வேண்டாம், அந்த நிறத்தை வச்சு மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவைன்னு முடிவு பண்ண முடியாது. ஆனா மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, காய்ச்சல் 3 நாளைத் தாண்டுது, குறைஞ்சு வந்தது திடீர்னு மறுபடி ஏறுது, இதுல எது இருந்தாலும் டாக்டரைப் பாருங்க. 3 மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் வந்துட்டாலே காத்திருக்காதீங்க, உடனே தூக்கிட்டுப் போங்க.