அலமாரிக்குப் பின்னால் ஒரு நாற்காலி

(நூலக வார விழாவையொட்டி ராயபுரம் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் கிளை நூலகங்களுக்குச் சமூகப்பணியாளர் ஒருவர் வேண்டும் என்று கேட்டு வாசகர் வட்டம் சார்பில் பேசியது. வளவளவென்று போன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். இந்தச் சின்ன ஹாலுக்கு மைக் வேண்டாம் என்றேன், யாரும் கேட்கவில்லை, சரி.

நான் தபால் ஆபீஸ் கவுன்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன். ஸ்டாம்பு விற்பதும் மணியார்டர் வாங்குவதும்தான் என் வேலை என்று அரசாங்கம் நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால் பாதி நேரம் பாரம் பூர்த்தி செய்து கொடுத்தேன், வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினேன், 'அங்க போகாதீங்கம்மா, தாலுகா ஆபீஸ் போங்க' என்று வழி சொன்னேன். ரிட்டயர் ஆகி நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம் என்று இங்கே வந்தால், நம்ம நூலகர் மேடமும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார், புத்தகம் பதிவதற்கு நடுவில், தனி ஆளாக.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன், பேர் சொல்ல மாட்டேன். மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும், அந்த நாட்களில் பகலில் இங்கே ஃபேனுக்குக் கீழே இடம் கிடைப்பதே கஷ்டம். ஒரு அக்கா மஞ்சப்பையோடு வந்தார். ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் புத்தகம் எல்லாம் அதில். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வந்துவிட்டதா, புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்க மேடம் என்று கேட்டார். மேடம் பார்த்தார், வந்திருந்தது, வந்த மறுநாளே மொத்தமும் எடுக்கப்பட்டும் இருந்தது. அந்த அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். சுவரில் 'அமைதி காக்கவும்' என்று பலகை, அதனால் அவர் குசுகுசுவென்றுதான் பேசினார், ஆனால் நம்ம ஹாலில் பக்கம் புரட்டினாலே கேட்கும். வீட்டில் விழும் அடி உதை எல்லாம், பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்த பத்துப் பதினைந்து ஆம்பளைகள் காதில் விழுந்தது. நானும் அதில் ஒருத்தன். ஒருத்தரும் பக்கத்தைத் திருப்பவில்லை. மேடம் அவரை எழுப்பி, பழைய என்சைக்ளோபீடியா அடுக்கியிருக்கிற அலமாரிக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பெண்கள் உதவி எண் 181-க்கு எப்படிப் போன் பண்ணுவது என்று எழுதிக் கொடுத்தார். அதற்குள் இந்தப் பக்கம் நாலு பேர் புத்தகத்தோடு வரிசையில்.

நம்பர் கொடுக்கலாம். அடுத்த வாரம் அந்த அக்கா என்ன ஆனார் என்று யார் பார்ப்பது? அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள், சமூகப்பணியாளர்கள். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிற அதே பேட்டையில்தான் சமூகப்பணிக் கல்லூரியும் இருக்கிறது, 1952-இல் தொடங்கியது. ஆனால் நூலகப் படிப்பும் சமூகப்பணிப் படிப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நம்ம பக்கம் நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் 2009-இலேயே முழுநேரச் சமூகப்பணியாளரை வைத்துவிட்டார்கள், அந்த நகரத்துச் சுகாதாரத் துறையோடு சேர்ந்து. முன்பு வீடில்லாமல் தெருவில் இருந்தவர்களையே உதவியாளர்களாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

நம்ம வட்டத்திலேயே ஒருத்தர் கேட்டார், 'லைப்ரரி படிக்கிற இடமா, பஞ்சாயத்து பண்ற இடமா?' நியாயமான கேள்வி, எனக்கும் பாதி அந்தப் பக்கம்தான் மனசு. ஆனால் ஒன்று யோசியுங்கள். மகளிர் காவல் நிலையத்துக்குப் போனால் தெருவுக்கே தெரியும். லைப்ரரிக்குப் போனால் 'பேப்பர் பாக்கப் போனேன்' என்று சொல்லிக்கொள்ளலாம். எதற்கு வந்தாய் என்று வாசலில் யாரும் கேட்காத அரசாங்கக் கட்டடம் இந்தப் பேட்டையில் வேறு எது? அதனால்தான் 'ஆலோசனை மையம்' என்று பெரிய போர்டு வைக்காதீர்கள் என்கிறேன், வைத்த அன்றே யாரும் வர மாட்டார்கள்.

இப்போது காசு. 1948-இல் சென்னை மாகாணத்தில் நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். வாடகை வீட்டுக்காரர்களும்தான், அது வாடகையில் ஒளிந்திருக்கிறது. அந்தப் பத்துப் பைசாவில் கை வைக்காதீர்கள். அது புத்தகத்துக்கும் பேப்பருக்கும் கட்டடத்துக்கும் உள்ளது, அதுவே போதவில்லை, கூரை ஒழுகுவதை நீங்களே பாருங்கள். சமூகப்பணியாளர் சம்பளம் சமூகநலத் துறையிலிருந்தோ சுகாதாரத் துறையிலிருந்தோ வரவேண்டும், ஏனென்றால் செய்யப்போவது அவர்கள் வேலை, நாம் கொடுப்பது இடம் மட்டும். காலேஜ் பிள்ளைகளைக் களப்பணி என்று ஓசியில் அனுப்பிச் சமாளிக்கலாம் என்றும் ஒரு யோசனை வரும். வரட்டும், கற்றுக்கொள்ளட்டும். ஆனால் பரீட்சை வந்தால் அந்தப் பெண் போய்விடும், மஞ்சப்பை அக்கா மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் யாரிடம் சொல்வார்?

ரொம்ப ஒன்றும் கேட்கவில்லை. மூன்று கிளைக்கு ஒரு ஆள், ஒவ்வொன்றிலும் வாரம் 2 நாள், மாதச் சம்பளம் ஒழுங்காக. அந்த அலமாரிக்குப் பின்னால் பேச்சு வெளியே கேட்காதபடி ஒரு பிளைவுட் தடுப்பு.

மனு பேப்பர் மேஜையில் இருக்கிறது. கையெழுத்தோடு வார்டு நம்பரும் போடுங்கள். பேனா ஒன்றுதான், பழைய தபால் ஆபீஸ் பழக்கத்தில் நூல் கட்டி வைத்திருக்கிறேன், இழுக்காதீர்கள்.