செக் திரும்பினால் யாரைக் கேட்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

கவுண்டரில் செக்கை நீட்டுகிறீர்கள். "இதுக்குப் பணம் தர முடியாதுங்க" என்று திருப்பித் தருகிறார்கள். குரலை உயர்த்துவதற்கு முன் செக்கின் இடது மேல் மூலையைப் பாருங்கள். அங்கே இரண்டு சாய்கோடுகள் இருந்தால் அது கிராஸ் செய்த செக். அதற்குக் கவுண்டரில் ரொக்கம் கிடைக்காது, கணக்கில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அடுத்தது தேதி. 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுள் மூன்றே மாதம். ஆறு மாதம் என்று நினைத்துப் பீரோவில் பத்திரப்படுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்!

பெயரையோ தொகையையோ அடித்துத் திருத்திய செக், பக்கத்தில் கையெழுத்தே போட்டிருந்தாலும், கிளியரிங்கில், அதாவது வங்கிகள் தங்களுக்குள் செக்கைப் பரிமாறிக்கொள்ளும் இடத்தில், திரும்பிவிடும். எண்ணில் ஒரு தொகை, எழுத்தில் வேறு தொகை என்றால், எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18. ஆனாலும் வங்கிகள் திருப்பத்தான் செய்கின்றன. சட்டம் பேசி நிற்பதைவிடப் புதுச் செக் வாங்கிக்கொள்வதே சுலபம்.

கணக்கில் போட்ட செக் திரும்பினால், ரிட்டர்ன் மெமோ என்ற துண்டுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். செக் எண், தொகை, தேதி, திரும்பிய காரணம், வங்கியின் முத்திரை, கையொப்பம் எல்லாம் அதில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். "பவுன்ஸ் ஆயிடுச்சு" என்ற வாய்வார்த்தை எதற்கும் உதவாது. யாரைப் பிடிப்பது என்பதை அந்த ஒற்றை வரிக் காரணம்தான் சொல்லும்.

'போதிய பணமில்லை' என்றிருந்தால் பொறுப்பு செக் கொடுத்தவருடையது. தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவருக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு பணம் தர அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்கும் அசையாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அதே சட்டத்தின் 138-ஆவது பிரிவில் புகார். பலர் கோட்டை விடுவது அந்த முதல் 30 நாளில். "நாளைக்குத் தர்றேன்" என்பதை நம்பியே நாள் போய்விடும். செக்குக்கு ஆயுள் மிச்சமிருந்தால் மறுபடி போட்டுப் புது மெமோ வாங்கலாம்.

கணக்கில் பணம் இருந்தும் வங்கியே தவறாகத் திருப்பியிருந்தால்? இங்கேதான் பெரிய குழப்பம். பணம் வர வேண்டியவர் நேராக அந்த வங்கியில் போய்ச் சண்டை போடுகிறார். ஆனால் அதே சட்டத்தின் பிரிவு 31-இன்படி வங்கி நஷ்டஈடு தர வேண்டியது செக் எழுதியவருக்கு. ஆகவே புகாரும் அவர் பெயரில்தான் போக வேண்டும். மெமோ நகல், அன்றைய இருப்பைக் காட்டும் ஸ்டேட்மென்ட், அந்தச் செக்கால் அவர் கட்ட நேர்ந்த அபராத ரசீது, மூன்றையும் இணைக்கச் சொல்லுங்கள். உங்கள் செக்கை உங்கள் வங்கியே தொலைத்தாலோ, தாமதமாக அனுப்பினாலோ அது வேறு கதை. அப்போது புகார்தாரர் நீங்கள்தான்.

பெரிய தொகைக்கு இன்னொரு சிக்கல், பாசிட்டிவ் பே. செக் எழுதியவர் அதன் எண், தேதி, பெயர், தொகையை முன்கூட்டியே வங்கிக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு இது. 50,000 ரூபாயிலிருந்து இந்த வசதி உண்டு. 5 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வங்கி கட்டாயமாக்கலாம். அவர் தெரிவிக்க மறந்து செக் திரும்பினால் வங்கியைக் குறை சொல்ல முடியாது.

புகாரைக் கிளையில் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம், போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் அதே விஷயத்தை ஒம்பட்ஸ்மன் எடுக்க மாட்டார். அதனால் முதலில் ஒம்பட்ஸ்மன், தேவைப்பட்டால் பிறகு ஆணையம். அந்த இரண்டு ஆண்டுக் கணக்கு மட்டும் இடையில் நிற்காது.