பழைய குடும்பம் என்றாலே நல்ல விவசாயமா? சிசிலி தாஸ்கா பண்ணை பற்றிய கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள திராட்சைப் பண்ணைகள் பற்றிய வீடியோவுக்குப் பிறகு நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் இன்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். நேயர் கேட்டிருப்பது இது: "தாஸ்கா தால்மெரிதா குடும்பம் 1830 முதல் அதே நிலத்தில் இருக்கிறது என்றீர்கள். அத்தனை தலைமுறையாகச் செய்கிறார்கள் என்றால் அது இயற்கை விவசாயம்தானே? அப்புறம் எதற்கு 'சஸ்டெயினபிள்' (நிலைத்தன்மை உள்ளது) என்று தனியாக ஒரு முத்திரை? ஆர்கானிக் சான்றிதழ் வாங்கினால் போதாதா? இது வெறும் விளம்பரம் இல்லையா?"

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது யாரையும் ஒயின் குடிக்கச் சொல்லும் பேச்சு இல்லை. எனக்கு இதில் அக்கறை மண்ணும் தண்ணீரும்தான்.

சரி, கேள்விக்கு வருவோம். பழைய குடும்பம் என்பதால் நல்ல விவசாயம் என்று ஆகிவிடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருநூறு வருடம் நிலத்தைக் கையில் வைத்திருந்தார்கள் என்றால், இருநூறு வருடம் அதை நன்றாக நடத்தினார்கள் என்று பொருள் இல்லை. முத்திரை விளம்பரமா என்பதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. அந்த முத்திரைக்குப் பின்னால் யாராவது எதையாவது அளந்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தப் பண்ணையின் பெயர் ரெகலேயாலி. சிசிலியின் நடுவில், கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் மேட்டு நிலம். திராட்சை பயிராவது 400 முதல் 900 மீட்டர் உயரத்துக்குள். பகலில் வெயில் கொளுத்தினாலும் இரவில் குளிர்ந்துவிடும். 1830-இல் தாஸ்கா சகோதரர்கள் இருவர் வாங்கியபோது அது சுமார் 1,200 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 3,000 ஏக்கர். ஒரு குடும்பத்திடம் மூவாயிரம் ஏக்கர் இருந்தால் அங்கே உழுதவர்கள் யார், அவர்களுக்கு என்ன மிஞ்சியது என்ற கேள்வி தானாக எழ வேண்டும். அன்றைய சிசிலியின் உட்பகுதி முழுக்கப் பெருநிலக்கிழார்களின் கையில் இருந்தது; கோதுமையும் மேய்ச்சலும்தான் பிரதானம். நிலமில்லாத விவசாயிகள் பல பத்தாண்டுகள் போராடினார்கள். கடைசியில் 1950-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ரெகலேயாலியில் பாதிக்கும் மேல் கைவிட்டுப் போனது.

'எட்டுத் தலைமுறைப் பாரம்பரியம்' என்று விளம்பரத்தில் படிக்கும்போது இந்த 1950-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் நிலம் குறைந்த பிறகுதான் அந்தப் பண்ணை நல்ல ஒயினில் முழுக்கவனம் வைத்தது. அப்போது பொறுப்பில் இருந்தவர் கோமகன் ஜுசெப்பே தாஸ்கா. சிசிலியின் சொந்த ரகங்களான நேரோ தாவோலாவையும் பெர்ரிகோனேவையும் 1959-இல் சான் லூச்சோ என்ற தோட்டத்தில் நட்டார். கம்பிப் பந்தல் இல்லாமல், குட்டையான புதர் போலத் தனித்தனியாக நிற்கும் கொடிகள். அங்கே அந்த முறைக்கு ஆல்பெரெல்லோ என்று பெயர். காற்றுக்கும் வறட்சிக்கும் நன்றாகத் தாங்கும். ஆனால் எல்லாமே கைவேலை. 1970-இல் அந்தத் தோட்டத்துப் பழத்திலிருந்துதான் 'ரோஸ்ஸோ தெல் கோன்தே' என்ற சிவப்பு ஒயின் வந்தது. அந்தக் காலத்தில் சிசிலி ஒயினில் பெரும்பகுதி வெளியூர் ஒயினோடு கலப்பதற்காக லாரி லாரியாகப் போனது. அதனால் ஒரே தோட்டத்தின் பெயரை நம்பி உயர்ந்த சிவப்பு ஒயின் செய்தது பெரிய துணிச்சல்.

பண்ணை முழுக்கத் திராட்சை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கோதுமை, ஒலிவ மரங்கள், ஆடுகள், காய்கறித் தோட்டம் எல்லாம் உண்டு. ஜுசெப்பேயின் மகள் அன்னா தாஸ்கா லான்சா 1989-இல் அங்கேயே சமையல் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே பயிர் வைத்த நிலத்தில் பூச்சியும் நோயும் வருகிற வேகமும், பல பயிர் இருக்கும் நிலத்தில் வருகிற வேகமும் ஒன்றல்ல.

இப்போது முத்திரைக்கு வருகிறேன். அதன் பெயர் சோஸ்டெயின். 2010-இல் இதைத் தொடங்குவதில் முன்னால் நின்றது தாஸ்கா குடும்பம்தான், குறிப்பாக இன்று நிறுவனத்தை நடத்தும் ஆல்பெர்தோ தாஸ்கா. 2020-இல் இது தனி அறக்கட்டளை ஆனது. சிசிலி ஒயின் உற்பத்தியாளர் சங்கமும், சிசிலி தோக் (பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு பெற்ற) ஒயின்களைக் காக்கும் கூட்டமைப்பும் சேர்ந்து அமைத்தன. தயாரிப்பாளர்களே உருவாக்கிய விதிகளா என்று நேயர் கேட்பார். ஆமாம், அவர்களே உருவாக்கியதுதான். அதனால்தான் சான்றிதழை வெளி அமைப்பு சோதித்துத் தருகிறதா என்று நான் முதலில் பார்த்தேன். வெளி அமைப்புதான் தருகிறது.

மொத்தம் பத்து நிபந்தனைகள். பத்தையும் வாசித்துக் காட்டப் போவதில்லை. மூன்று எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது, கொடிகளுக்கு நடுவே களைக்கொல்லி அடிக்கக் கூடாது. ரெகலேயாலி மாதிரி சரிவான நிலத்தில் இது பெரிய விஷயம். மழை அங்கே பெரும்பாலும் குளிர்காலத்தில்தான். களைக்கொல்லி அடித்து மொட்டையாக விட்ட சரிவில் அந்த மழை விழுந்தால் மேல்மண் போய்விடும். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஒரு மனித ஆயுளே போதாது. அதற்குப் பதில் இலையுதிர் காலத்தில் கொடிகளுக்கு நடுவே அவரை இனங்களை விதைக்கிறார்கள். வசந்தத்தில் பூக்கும் நேரத்தில் அதை மடக்கி உழுகிறார்கள். நம்மூரில் சணப்பையும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுவது போலத்தான். மண்ணுக்குத் தழைச்சத்து கிடைக்கும், மழையின் வேகமும் குறையும். கோடையில் நிலத்தைச் செடி மூடியிருந்தால் அது தண்ணீருக்குக் கொடியோடு போட்டியிடும் என்பதால், எப்போது உழுவது என்பதை ஒவ்வொரு வருடமும் வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் ஆர்கானிக் பற்றிய கேள்வி வருகிறது. சோஸ்டெயின் ஆர்கானிக்கைக் கட்டாயமாக்கவில்லை. அதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

திராட்சைக்குப் பெரிய எதிரி பூஞ்சை நோய்கள்: சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய். இரண்டும் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவை. அடிச்சாம்பல் நோய்க்கு 1880-களில் பிரான்சின் போர்டோவில் கண்ட மருந்து மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சுண்ணாம்பும் கலந்த கரைசல். போர்டோ கலவை என்று நம் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கும் நன்றாகத் தெரிந்த பெயர். ஆர்கானிக் விதிகளில் செயற்கைப் பூஞ்சைக்கொல்லிக்கு அனுமதி இல்லை, ஆனால் தாமிரத்துக்கு உண்டு. தாமிரம் ஓர் உலோகம். அது மட்காது, சிதையாது. அடித்தது எல்லாம் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கும் நுண்ணுயிர்க்கும் கெடுதல். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2019 முதல் வரம்பு வைத்திருக்கிறது.

2023-ஐ நினைத்துப் பாருங்கள். வசந்தத்தில் ஓயாத மழை. அடிச்சாம்பல் நோய் இத்தாலியின் மத்தியிலும் தெற்கிலும் தோட்டம் தோட்டமாகக் கொடிகளை அழித்தது. நாட்டின் ஒயின் உற்பத்தி பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குச் சரிந்தது. அதிகம் அடிபட்டவர்களில் ஆர்கானிக் விவசாயிகள் இருந்தார்கள். மழை பெய்யப் பெய்யத் தாமிரம் கழுவிப் போகும், திரும்பத் திரும்ப டிராக்டரை இறக்கி அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் டீசல் எரிகிறது, ஈர மண் இறுகுகிறது. ஆர்கானிக் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த வழியில் உழைப்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஆர்கானிக் சான்றிதழ் முக்கியமாக 'எதை அடிக்கக் கூடாது' என்றுதான் சொல்கிறது. தண்ணீர் எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, பாட்டில் எவ்வளவு கனம் என்று அது கேட்பதில்லை.

பாட்டில் என்றதும் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு பாட்டில் ஒயினின் கார்பன் கணக்கைப் போட்டால், பெரும்பாலும் முதலிடத்தில் வருவது தோட்டம் இல்லை, கண்ணாடி. கண்ணாடி உலை ஏறக்குறைய 1,500 டிகிரியில் இரவும் பகலும் எரிய வேண்டும். அதை நினைத்தபோது அணைக்க முடியாது. அப்புறம் அந்தக் கனத்தைக் கப்பலிலும் லாரியிலும் சுமக்க வேண்டும். சாதாரணப் பாட்டில் அரைக் கிலோ இருக்கும். 'உயர்ரகம்' என்று காட்டுவதற்காக 900 கிராம், ஒரு கிலோ என்று கனமான பாட்டிலில் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஒயின் முக்கால் லிட்டர்தான். வெளியே இருக்கும் கண்ணாடி அதைவிடக் கனம். இதற்கு எந்த நியாயமும் இல்லை.

எனக்கு முக்கியமாகப் படும் இரண்டாவது நிபந்தனை இதுதான்: சோஸ்டெயினில் பாட்டிலின் சராசரி எடை 550 கிராமைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. சிசிலியிலேயே சேகரித்த பழைய கண்ணாடியை உருக்கி, மேற்குக் கரையில் மார்சாலா ஊர் ஆலையில் 410 கிராம் பாட்டில் செய்கிறார்கள். 900 கிராம் பாட்டிலோடு ஒப்பிட்டால் பன்னிரண்டு பாட்டில் பெட்டி ஒன்றில் ஏறக்குறைய ஆறு கிலோ குறைகிறது. பழைய கண்ணாடிக்கு இன்னொரு நன்மை உண்டு: உலையில் அதன் பங்கு பத்து சதவீதம் கூடினால் எரிபொருள் சுமார் மூன்று சதவீதம் குறையும். ஒரு பழைய பிரபுக் குடும்பம் தன் பேர்சொல்லும் ஒயின்களுக்கு லேசான பாட்டிலை எடுப்பது எளிய முடிவில்லை. கையில் எடுத்துக் கனம் பார்த்து விலை மதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு முடிவைப் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது.

மூன்றாவது, கணக்கு. சோஸ்டெயின் 'வீவா' என்ற திட்டத்தின் அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறது. இத்தாலியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2011-இல் தொடங்கிய திட்டம் அது. காற்று, தண்ணீர், திராட்சைத் தோட்டம், வட்டாரம் என நான்கு தலைப்புகள். தண்ணீர்க் கணக்கில் பாய்ச்சிய தண்ணீர் மட்டும் வராது; நாம் அசுத்தமாக்கியதை நீர்க்கச் செய்ய எவ்வளவு தண்ணீர் தேவை என்பதும் வரும். வட்டாரம் என்ற தலைப்பில் வேலை செய்பவர்களும் ஊராரும் வருகிறார்கள். எனக்கு இது மிக முக்கியம். தெற்கு இத்தாலியின் வயல்களில் தரகர்கள் மூலம் கூலிக்காரர்களைச் சுரண்டுவது நீண்ட காலப் பிரச்சினை. 2016-இல்தான் அதற்கு எதிராகக் கடுமையான தனிச் சட்டம் வந்தது. எந்தப் பண்ணையின் அறிக்கையிலும் மண்புழுவைப் பற்றி எழுதியதைப் போலக் கூலியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

தாஸ்கா குடும்பம் வேறு இடங்களிலும் தோட்டங்களை நடத்துகிறது. எட்னா எரிமலைச் சரிவில் கல்லடுக்குப் படிகளில், சலீனா தீவில், மார்சாலா அருகே காயலில் இருக்கும் மோட்ஸியா என்ற குட்டித் தீவில். மோட்ஸியாவில் பறித்த கிரில்லோ ரகப் பழம் படகில் ஏறித்தான் கரைக்கு வரும். அதைப் பற்றித் தனி வீடியோவே போடலாம்.

சிசிலியில் தாஸ்கா மட்டும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொன்னாஃபுகாத்தா என்ற இன்னொரு ஒயின் நிறுவனம் 1998 முதல் ஷார்தொனே ரகத் திராட்சையை இரவில் பறிக்கிறது. ஆகஸ்ட் பகலில் பறித்தால் சூடான பழத்தைக் குளிரூட்ட மின்சாரம் செலவாகும். இரவில் பறித்தால் பழம் குளிர்ந்தே வரும். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை, நேரத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, இத்தனை செய்தும் தீராத ஒன்று தண்ணீர். 2024-இல் சிசிலியில் வறட்சி நெருக்கடி நிலை அறிவிக்கும் அளவுக்குப் போனது. தீவின் நடுவில் இருக்கும் பெர்குசா ஏரி வற்றிவிட்டது. குடிதண்ணீருக்கே முறை வைத்த ஊர்களில் திராட்சைக்கு எவ்வளவு பாய்ச்சலாம் என்ற கேள்வி இனி வருடாவருடம் வரும். 1959-இல் நட்ட அந்தக் குட்டைக் கொடிகளின் வேர் ஆழமாகப் போயிருக்கிறது, குறைந்த தண்ணீரில் நிற்கிறது. புதிதாக நடுபவர்கள் அதே சொந்த ரகங்களுக்கும் உயரமான நிலங்களுக்கும் திரும்புவது இதனால்தான்.

எனவே நேயருக்கு என் பதில்: தாஸ்கா முத்திரையை நான் விளம்பரம் என்று ஒதுக்க மாட்டேன், 1830 என்ற ஆண்டுக்காக ஏற்கவும் மாட்டேன். நீங்களே பார்க்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். எந்த ஒயின் நிறுவனமாக இருந்தாலும் அவர்கள் வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கையைத் திறந்து, பாட்டில் எடை, தண்ணீர், களைக்கொல்லி, வேலையாட்கள் இந்த நான்கையும் தேடுங்கள். எண் இருந்தால் முந்தைய ஆண்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். எண்ணே இல்லாமல் சூரிய அஸ்தமனப் படங்கள் மட்டும் இருந்தால், கேள்வியை அந்த நிறுவனத்துக்கே எழுதி அனுப்புங்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம்.