துறவிக்கு 227 விதி, நமக்கு ஐந்தே ஐந்து

நடுவர் அய்யா அவர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிக்கும், வயல் வேலையையும் தறி வேலையையும் முடித்துவிட்டு இந்த ராத்திரியில் கோபிக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

"புத்தர் காட்டிய வழி பெரிதும் பயன்படுவது துறவிக்கா, குடும்பஸ்தருக்கா?" என்பது இன்றைய தலைப்பு. குடும்பஸ்தருக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மூன்று கேள்வி கேட்டார். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுப் போனவர் குடும்பம் நடத்துகிறவருக்கு என்ன சொல்லிவிட முடியும் என்பது ஒன்று. ஆசையை விடச் சொன்னவர் பேச்சைக் கேட்டால் திருப்பூரில் மிஷின் ஓடுமா, சோமனூரில் தறி ஓடுமா என்பது இரண்டு. பிக்குகளுக்கு 227 விதி வகுத்தவர் வீட்டில் இருப்பவர்களுக்கு ஐந்தோடு நிறுத்திக்கொண்டாரே, அக்கறை யார் மேல் என்று இதிலேயே தெரியவில்லையா என்பது மூன்று. கைதட்டலும் பலமாக விழுந்தது.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். அண்ணன் தன் பக்கம் கூட்டி வந்த சாட்சி எனக்காகத்தான் பேசுகிறது. பிக்குவுக்கு எல்லாம் விதியில் இருக்கிறது. நண்பகலுக்குப் பிறகு சாப்பிடக் கூடாது. தங்கம் வெள்ளியை வாங்கக் கூடாது. எத்தனை சீவரம், அதாவது துறவி உடை, வைத்துக்கொள்ளலாம் என்பதுகூட முடிவாகிவிட்டது. நம் நிலைமை அப்படியா? கொல்லாமை, திருடாமை, முறைகெட்ட காமம் கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதையைத் தொடாமை. அவ்வளவுதான். அப்புறம் ஆளுக்குக் கூலி எவ்வளவு கொடுப்பது, கையில் இருக்கிற பணத்தைக் கடனுக்குக் கட்டுவதா மகள் காலேஜுக்குக் கட்டுவதா, வயதான அம்மாவை யார் வீட்டில் வைத்துப் பார்ப்பது, இது எதற்கும் விதி கிடையாது. ஒவ்வொன்றையும் நாமே யோசித்து முடிவெடுக்க வேண்டும். விதி குறைந்த இடத்தில்தானே வழி அதிகம் தேவைப்படுகிறது?

அந்த வழியை அவர் தன் மகனுக்கே சொன்னார். "கண்ணாடி எதற்கு?" என்று ராகுலனிடம் கேட்கிறார். "பார்த்துக்கொள்வதற்கு" என்கிறான் பையன். அதேபோலச் செயலையும் பார் என்கிறார். செய்வதற்கு முன்னாலும் பார், செய்யும்போதும் பார், செய்து முடித்த பிறகும் பார். இது என்னைத் துன்புறுத்துமா, பிறரைத் துன்புறுத்துமா, இரண்டு பேரையுமே துன்புறுத்துமா? ராகுலன் அப்போது சீவரம் உடுத்தியவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியில் சீவரம் உடுத்தியவருக்கு மட்டும் பொருந்துகிற சொல் ஒன்றாவது இருக்கிறதா?

இந்தக் கேள்வியோடு நொய்யல் கரைக்கு வாருங்கள். ஒரு சாயப்பட்டறை முதலாளி என்று வைத்துக்கொள்வோம். கெட்டவர் இல்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கு முதல் ஆளாக நன்கொடை எழுதுபவர், நூறு குடும்பம் அவரை நம்பி இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பெரிய செலவு ஆகிறது. அன்று நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் போகிறது. ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நமக்குச் சொன்ன அந்த ஐந்து விதியில் எதை மீறினார் என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. யாரையும் வெட்டவில்லை, யார் வீட்டிலும் புகுந்து எடுக்கவில்லை. மகனுக்குச் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் பதில் வரும். கீழே ஒரத்துப்பாளையம் இருக்கிறது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றதை இந்த நாடே பார்த்தது. அதற்குக் கீழே கிணறு கெட்டது, காடு கெட்டது, மாடு வாய் வைக்காத தண்ணீர் ஆனது. சரி, கெட்டது கீழே இருந்தவர்கள் மட்டும்தானா? கழிவை வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, பூட்டு விழுந்தது பட்டறைக்கு; அடி விழுந்தது திருப்பூர் முழுவதற்கும். டெய்லர், செக்கிங் பெண், பண்டல் தூக்குகிறவர், கம்பெனி வாசலில் டீ விற்றவர் வரைக்கும். தனக்கு, பிறருக்கு, இருவருக்கும் என்று மூன்றாகப் பிரித்து அவர் ஏன் கேட்டார் என்பது எனக்கு அந்த வருடம்தான் விளங்கியது.

உபாசகர், அதாவது வீட்டில் இருந்தபடி அவர் வழி நடப்பவர், செய்யக் கூடாத வியாபாரம் ஐந்து என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஆயுதம், மனிதர், இறைச்சி, போதை, விஷம். எதிரணித் தம்பி எழுந்து கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன்: ஆமாம், இறைச்சியும் அதில் இருக்கிறது. பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணையை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், என் உறவிலும் உண்டு. அதை மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. கஷ்டமான இடம்தான். ஆனால் இந்தக் கஷ்டம் யாருடையது? தனக்காகக் கொன்றதாகத் தெரியாவிட்டால் பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிடலாம் என்று பிக்குவுக்கு விதியே வழி சொல்லிவிடுகிறது. பண்ணைக்கு லோன் வாங்கியவர்தான் இந்தக் கேள்வியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தீகஜானு என்று ஒருவர், கோலியர் குலத்தவர், புத்தரிடம் வந்து மனசைத் திறந்து பேசுகிறார். நாங்கள் பிள்ளை குட்டியோடு நெருக்கிப் படுப்பவர்கள், காசிச் சந்தனம் பூசுபவர்கள், தங்கம் வெள்ளி வைத்துக்கொள்பவர்கள், எங்களுக்கு ஏற்ற மாதிரி சொல்லுங்கள் என்கிறார். எல்லாவற்றையும் போட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை. உழவோ வியாபாரமோ மாடு வளர்ப்போ அரசு வேலையோ, எதைச் செய்தாலும் சோம்பாமல் திறமையாகச் செய் என்கிறார். முதல் வார்த்தையே அதுதான். உழைத்துச் சேர்த்ததைக் காப்பாற்று, நல்லவர்களோடு பழகு, வரவறிந்து செலவு செய் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. காங்கேயத்து மாட்டுத்தாவணியில் நிற்கும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னால், எங்க அப்புச்சி சொன்னதுதானுங்களே என்பார்.

சிகாலன் என்ற இளைஞனிடம் கணக்கே போட்டுக் கொடுக்கிறார். வருமானத்தை நான்காகப் பிரி, ஒரு பங்கில் சாப்பிடு, இரண்டு பங்கைத் தொழிலில் போடு, ஒரு பங்கை ஆபத்துக்கு வை. பாதி வருமானத்தைத் தொழிலில் போடச் சொன்னவரா தறியை நிறுத்தச் சொல்வார்? அதே சிகாலனிடம், வேலை செய்பவர்களை முதலாளி எப்படி நடத்த வேண்டும் என்றும் சொல்கிறார். சக்திக்கு ஏற்ற வேலை, சாப்பாடும் கூலியும், நோயில் பராமரிப்பு, நல்ல பண்டம் வந்தால் பங்கு, வேண்டிய நேரத்தில் ஓய்வு. கொஞ்ச நாள் முன்பு வரைக்கும் இங்கே ஸ்பின்னிங் மில்களில், மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி வயசுப் பெண்களைக் கூட்டி வந்து ஹாஸ்டலுக்குள் வைத்திருந்தார்கள். அந்த ஐந்தில் எத்தனை அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது? இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒன்றரை ஷிப்டு பார்க்கிற பிள்ளைகளுக்கு எத்தனை கிடைக்கிறது? இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும்.

அனாதபிண்டிகர் பெரிய வணிகர். அவரிடம் குடும்பஸ்தரின் சுகம் நான்கு என்கிறார் புத்தர். பொருள் இருப்பது, அதை அனுபவிப்பது, கடன் இல்லாதிருப்பது, பழி இல்லாதிருப்பது. கடைசிச் சுகத்துக்கு முன்னால் மற்ற மூன்றும் சிறியவை என்கிறார். கடனில்லாத சுகம் என்றால் என்னவென்று, வாரா வாரம் குழுக் கடன் தவணைக்கு ஓடுகிற அம்மணிகளைக் கேளுங்கள்.

பேராசை பற்றியும் அவர் சொன்னதை நாம் ஒருமுறை கேட்டிருக்கலாம். காலாமர் என்ற குலத்தாரின் ஊருக்குப் பலர் வந்து, நான் சொல்வதே சரி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரை நம்புவது என்று மக்கள் குழம்புகிறார்கள். காதில் விழுந்தது என்பதற்காக நம்பாதே, சொல்பவர் தகுதியானவராகத் தெரிகிறார் என்பதற்காக நம்பாதே, அது பேராசையை வளர்க்கிறதா, தீமையில் முடிகிறதா என்று நீயே பார் என்றார். பெருந்துறையில், பணம் கட்டி ஈமு கோழி வளர்த்தால் மாதா மாதம் பணம் என்ற திட்டம் வந்தபோது விளம்பரம் வந்தது, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாதப் பணம் வந்தது, சொந்தக்காரர் சொன்னார், நகையை அடகு வைத்தோம். 2012-இல் எல்லாம் சரிந்தது. காலாமருக்குச் சொன்னதை யாராவது ஒருவர் நம் ஊர் டீக்கடையில் உரக்கச் சொல்லியிருந்தால் எத்தனை தாலிக்கொடி மிஞ்சியிருக்கும்!

இனி முதல் கேள்வி. ஒரு பெண்ணாகச் சொல்கிறேன், யசோதரையின் வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மனைவியை எப்படி நடத்த வேண்டும் என்று அவர் சிகாலனிடம் சொன்னதையும் கேளுங்கள். மதிக்க வேண்டும், இழிவாகப் பேசக் கூடாது, துரோகம் கூடாது, வீட்டின் அதிகாரத்தை அவளிடம் கொடுக்க வேண்டும், நகை வாங்கித் தர வேண்டும். மாட்டைப் பார்ப்பதும் தறியில் நிற்பதும் நாங்கள், பட்டா மட்டும் அவர்கள் பேரில் என்று இருக்கிற நம் பக்கத்தில் அந்த நான்காவதை இன்னொரு முறை படிக்கலாம்.

கடைசியாகத் தண்ணீர். கோபியில் நின்று தண்ணீரைப் பேசாமல் போக முடியாது. ரோகிணி ஆற்றின் ஒரு கரையில் புத்தர் பிறந்த குலமான சாக்கியர், மறுகரையில் தீகஜானுவின் கோலியர். உரைநூல்கள் சொல்லும் கதை இது. கோடையில் பயிர் வாடுகிறது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் எங்கள் பயிர் தேறிவிடும் என்று இரண்டு பக்கத்துப் பண்ணை ஆட்களும் சொல்கிறார்கள். பேச்சு முற்றிக் கைகலப்பாகிறது, குலத்தை இழுத்துத் திட்டுகிறார்கள், படையே திரண்டுவிடுகிறது. புத்தர் நடுவில் வந்து, எதற்குச் சண்டை என்று கேட்கிறார். அரசர்களுக்குத் தெரியவில்லை. தளபதியைக் கேள் என்கிறார்கள். அவருக்கும் தெரியவில்லை. கேட்டுக் கேட்டுக் கடைசியில் பண்ணை ஆட்கள்தான் சொல்கிறார்கள், தண்ணீருக்கு என்று. தண்ணீருக்கு என்ன விலை என்கிறார். கொஞ்சம்தான் என்கிறார்கள். உங்கள் உயிருக்கு? விலையே இல்லை என்கிறார்கள்.

நம் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் 2,07,000 ஏக்கர், பாதிக்கு ஒரு போகம், மறுபாதிக்கு அடுத்த போகம் என்று முறை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் மதகிலும் கூட்டுக் கிணற்று மோட்டார் ரூமிலும் தொடங்கிய சண்டை கோர்ட்டுக்குப் போய், ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி ஒருவர் வீட்டு எழவுக்கு ஒருவர் போகாத குடும்பம் இந்த மன்றத்திலேயே இருக்கும். பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அந்த அரசர்களைப் போலவே எதற்குச் சண்டை என்று தெரியாது. ரோகிணிக் கரையில் கேட்ட கேள்வியை அந்த மோட்டார் ரூம் வாசலில் கேட்க ஒரு ஆள் வேண்டும், நடுவர் அய்யா. அதற்குச் சீவரம் வேண்டியதில்லை. தாய்மாமன் கேட்கலாம், பக்கத்துக் காட்டுக்காரர் கேட்கலாம்.

எனக்குப் பின்னால் எதிரணியிலிருந்து பேச வரும் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு உட்காருகிறேன். தீகஜானு, சிகாலன், அனாதபிண்டிகர், இந்த மூவரில் யாரையாவது வீட்டை விட்டு வரச் சொன்னாரா புத்தர்? சொன்னார் என்றால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள் தம்பி. நன்றிங்க, வணக்கம்.