கையெழுத்தும் கிடப்பில் கிடக்கும் கோப்பும்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு மனு பார்க்க வரும் ஆச்சிமார், அண்ணா பிறந்தநாளையொட்டி அரசு கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கும் செப்டம்பர் 15 நெருங்கிவிட்டால் என்னைப் போன்ற வக்கீல்களை மறித்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள்: "அண்ணா பொறந்தநாளுக்கு எம்பயல விட்ருவாவளா சார்?" சட்டம் என்ன சொல்கிறது என்பது அப்புறம். மேலே யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அமெரிக்காவில் இதற்குப் பதில் சுலபம். ஜனாதிபதி ஒருவரே போதும், எவரையும் கேட்க வேண்டாம். அதனால் பழியும் அவர் ஒருவருக்குத்தான். 1974 ஆகஸ்ட் 9-இல், வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய ஜனாதிபதி நிக்சன் பதவி விலகினார். அடுத்து வந்த ஃபோர்டு, செப்டம்பர் 8-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து, வழக்கே போடும் முன்பாக நிக்சனுக்கு முழு மன்னிப்பு கொடுத்தார். அவருடைய பத்திரிகைச் செயலாளரே வேலையை உதறிவிட்டுப் போனார். கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 71 சதவீதமாக இருந்த ஆதரவு 50-க்கு இறங்கியது. ஏதும் பேரம் நடந்ததா என்று கேட்டவர்களுக்கு, நாடாளுமன்றக் குழுவின் முன் நேரில் போய் உட்கார்ந்து பதில் சொன்னார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். 1976 தேர்தலில் கார்ட்டரிடம் தோற்றார். அந்தக் கையெழுத்தும் ஒரு காரணம் என்பார்கள்.

சரி, நம் ஊர்க் கதை? அரசியல் சட்டத்தின் 72-வது பிரிவு குடியரசுத் தலைவருக்கும், 161-வது பிரிவு ஆளுநருக்கும் இந்த மன்னிப்பு, தண்டனைக் குறைப்பு அதிகாரத்தைக் கொடுக்கின்றன. இருவரும் அமைச்சரவை சொல்கிறபடிதான் நடக்க வேண்டும். ஆனால் இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு மட்டும் இல்லை. நம் அரசியல்வாதிகளுக்கு இது எவ்வளவு வசதி பாருங்கள்! கொடுத்தால் ஒரு பக்கம் ஓட்டுப் போகும், மறுத்தால் மறுபக்கம் போகும். கோப்பைக் கிடப்பில் போட்டால் யாருக்கும் சேதமில்லை.

ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் கருணை மனு 11 ஆண்டுகள் கிடந்து 2011-இல் தள்ளுபடியானது. இந்தத் தாமதத்தைக் காட்டித்தான் 2014-இல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை அந்த மூவரில் ஒருவரான பேரறிவாளனை விடுவிக்கச் சொன்னது. கோப்பு ஆளுநர் மாளிகையில் இரண்டு ஆண்டுக்கு மேல் தூங்கி, பிறகு டெல்லிக்குப் பயணம் போனது. கடைசியில் 2022 மே 18-இல் நீதிமன்றமே விடுவித்தது. அதற்குள் ஒரு நாடாளுமன்றத் தேர்தலும் ஒரு சட்டமன்றத் தேர்தலும் வந்து போய்விட்டன.

மறுப்பதானால் மறுக்கட்டும், காரணத்தை எழுதி, காலத்தோடு மறுக்கட்டும். ஸ்ரீபெரும்புதூரில் அன்றைக்குச் செத்த போலீஸ்காரர்களின் குடும்பங்களுக்கும் அந்தப் பதில் போய்ச் சேர வேண்டியதுதானே?