ஐந்தடி மூலையில் நான்கு பேர் சாப்பிட முடியுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா கேட்ட கேள்வி இரண்டு நாளாக மனதிலேயே நிற்கிறது. "சமையலறையை ஒட்டி ஐந்தடிக்கு ஆறடி மூலை, ஹால் பக்கம் திறப்பு. வீட்டில் நான்கு பேர், மாமியாருக்கு முழங்கால் வலி. டைனிங் டேபிள் போடலாமா, மேடை கட்டி உயர ஸ்டூல் வைக்கலாமா?"

ஸ்டூல் வேண்டாம் அம்மா. 36 அங்குல மேடைக்கு 24 அங்குலத்துக்குக் குறையாத ஸ்டூல் வேண்டும். முழங்கால் வலியோடு அதில் எப்படி ஏறி இறங்குவார்?

தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் சொல்வதுதான்: முதலில் உட்காரும் இடம், அப்புறம்தான் மேசை. நாற்காலியை இழுத்து எழுந்திருக்க மேசை விளிம்பிலிருந்து மூன்றடி வேண்டும். சுவரை ஒட்டிய பெஞ்சுக்கு ஒன்றரை அடி போதும். ஆறடிச் சுவரில் பெஞ்சு, முன்னால் நான்கடி மேசை, எதிரே உள்ளே தள்ளிவிடும் இரண்டு முக்காலி. மிச்ச இரண்டடி வழியாக மாமியார் நடந்து வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்காரட்டும். பெஞ்சு உயரம் 18 அங்குலம், மேசை 29. இந்த வித்தியாசம் 10, 12 அங்குலத்துக்குள் இருந்தால்தான் சோறு பிசையக் கை வாகாக இருக்கும்.

எங்கள் அப்பாவுக்குச் சம்மணம் போட்டால்தான் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அவருக்காகவே புதுச்சேரி வீட்டில் பெஞ்சை 22 அங்குல அகலம் போட்டோம். 2011 டிசம்பர் 30, தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் சித்தப்பா தோப்பில் சாய்ந்த பலா மரம் அது. மஞ்சளாக இருந்த பலகை இப்போது நல்ல பழுப்பாகிவிட்டது. பெஞ்சுப் பெட்டி மூடிக்கு இரும்புக் கீல் போட்டது மட்டும் என் தப்பு, உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் இறுகிவிட்டது. நீங்கள் பித்தளையே போடுங்கள்.

நீங்கள் கேட்காதது மேசையின் அகலம். எனக்கு அதுதான் முக்கியம். 24 அங்குலத்தில் எதிரெதிரே தட்டு வைத்தால் நடுவில் குழம்புச் சட்டிக்கு இடமில்லை. சட்டி அடுப்படியிலேயே இருக்கும், நீங்கள் எழுந்து எழுந்து பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியாகச் சாப்பிடுவீர்கள். சின்ன வயதில் தாழ்வாரத்தில் வரிசையாக உட்காருவோம். அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால் 30 அங்குலம் போடுங்கள். சோறு, குழம்பு, பொரியல் மூன்றும் நடுவில் வந்துவிடும். நான்கு பேர் என்றீர்களே, அதில் நீங்களும் உண்டுதானே?

ஆசாரியைக் கூப்பிடும் முன் சாக்பீஸால் தரையில் வரைந்து, நால்வரும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். இடிக்கிறதா என்று எழுதுங்கள், அடுத்த வாரம் பேசுவோம்.