கடல் அனிமோன் எப்பிடிப் பெருகுது? பாசிக்குடாத் தண்ணிக்குள்ள இருந்து ஒரு விளக்கம்

[காட்சி: பாசிக்குடா, காலமை. இடுப்பளவு தண்ணிக்குள்ள நிண்டு பேசுறது.]

வணக்கம் எல்லாருக்கும். கரையில இருந்து பாத்தா நான் நல்ல தூரம் வந்திட்டன், ஆனா கால் இன்னும் நிலத்திலதான் இரிக்கு, இந்தக் குடா அப்பிடித்தான், உங்களுக்கே தெரியும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா முருகைக்கல்லு வரும், அந்தக் கல்லு இடுக்குக்குள்ளதான் இண்டைக்கு நம்மட ஆள் இரிக்கிறார், கடல் அனிமோன். கடலனிமனி எண்டும் சொல்லுவாங்க, கடல் சாமந்தி எண்டும் எழுதுவாங்க. பாக்கப் பூ மாதிரி இரிக்கும், ஆனா பூவும் இல்ல செடியும் இல்ல, முருகைக்கல்லுக்கும் சொறி முட்டைக்கும் சொந்தக்கார மிருகம்.

போன தடவ என்ட தங்கச்சிட மகனக் கூட்டிட்டு வந்தன், கண்ணாடியப் போட்டு தலைய உள்ளுக்கு விட்டுப் பாத்திட்டு வெளிய வந்து கேக்கிறான், "மாமா, பக்கத்தில பக்கத்தில நாலு இரிக்கு, இதில அம்மா எது, குட்டி எது?" எண்டு. நானும் யோசிச்சிப் பாத்தன், சில நேரம் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது, ஏனெண்டா நாலும் ஒரே ஆளா இரிக்கலாம். அதச் சொல்லத்தான் இந்த வீடியோ.

[காட்சி: அனிமோனுக்குக் கிட்ட.]

முதல்ல உடம்பப் பாருங்க. ஒரு பை, அவ்வளவுதான். கீழ கல்லில ஒட்டுற பாதம், மேல ஒரு வாய், வாயச் சுத்தி விரல் விரலா ஆடுற கொம்புகள், அதில முழுக்க கொட்டுற செல். சாப்பாடு போறதும் அந்த வாயாலதான், கழிவு வாறதும் அதாலதான், முட்டை வாறதும் அதாலதான், வேற வாசலே இல்ல.

இப்ப இது பெருகிற முதல் வழி, பிளவுபடுறது. கோமாளி மீன் குடியிருக்கிற அனிமோன்கள் சிலதில இத நல்லாப் பாக்கலாம். வட்டமா இருந்த வாய் மெல்ல மெல்ல நீளுது, பாதத்தில ஒரு பக்கம் இங்கால நகருது மற்றப் பக்கம் அங்கால நகருது, நடுவில உடம்பு ரொட்டி மாவ இழுத்த மாதிரி மெலிஞ்சி மெலிஞ்சி கடைசியா அறுந்திரும். அறுந்த பக்கம் ரெண்டும் உள்ளுக்குச் சுருண்டு மூடி, காயம் ஆறி, மறுகா பாத்தா ரெண்டு முழு அனிமோன். இனத்தைப் பொறுத்து சில மணித்தியாலத்திலயும் முடியும், நாள்க் கணக்கும் எடுக்கும். இதில எது அம்மா? சொல்லேலாது.

ரெண்டாவது வழி எனக்கு நல்லாப் பழக்கம். என்ட மச்சான் கல்லடியில வீட்டில உப்புத்தண்ணித் தொட்டி வெச்சிரிக்கிறான், வாங்கின கல்லோட ஒட்டிட்டு ஒரு சின்ன பழுப்பு அனிமோன் வந்திட்டு, ஐப்டேசியா எண்டு சொல்லுற வகை. தொட்டி வெச்சிருக்கிற ஆக்களுக்கு இந்தப் பேரக் கேட்டாலே பயம். நாங்க ரெண்டு பேரும் கத்தியால சுரண்டி எடுத்தம், முடிஞ்சிது எண்டு நினைச்சிட்டு இருந்தா கொஞ்ச நாளில அந்த இடத்தச் சுத்தி மிளகு அளவில புள்ளி புள்ளியா, கண்ணாடி வெச்சிப் பாத்தா ஒவ்வொண்டிலயும் மெல்லிசா கொம்பு முளைச்சிரிக்கு. பாதத்தில இருந்து பிஞ்சி ஒட்டிட்டு நிண்ட துண்டு ஒவ்வொண்டும் ஒரு முழு ஆளா வந்திட்டு. நாங்க சுரண்டாட்டியும் அது தானா நகர்ந்து போகக்குள்ள பாதத்தில கொஞ்சம் கொஞ்சமா விட்டுட்டுத்தான் போகும், அந்தத் துண்டெல்லாம் குட்டி. நம்மட வளவில வாழைக்குட்டி வைக்கிறம், மரவள்ளித் தடிய வெட்டி நடுறம், அதே கதைதான்.

இப்பிடிப் பெருகினதெல்லாம் ஒரே மரபணு. அமெரிக்காட பசிபிக் கரையில ஒரு வகை கல்லு நிறைய கம்பளம் விரிச்ச மாதிரி இரிக்கும், அந்தக் கூட்டம் முழுக்க ஒரே ஆள்ர பிளவு. பக்கத்துக் கல்லில வேற ஒருத்தர்ர கூட்டம். ரெண்டும் தொடுற இடத்தில சண்டை, கொம்புக்குக் கீழ வெள்ளையா ஒரு பை வீங்கி வந்து அதால மற்ற ஆளக் கொட்டும், தன்ட கூட்டத்து ஆள் மேல பட்டா கொட்டாது. அதால ரெண்டு கூட்டத்துக்கும் நடுவில ஒண்டும் ஒட்டாத வெறும் இடம் ஒரு கோடு மாதிரி விட்டு இரிக்கும், எல்லை வேலி போட்ட மாதிரி.

[காட்சி: கடலுக்கடியில மூழ்கின கப்பல்.]

சரி, இவ்வளவு லேசாப் பெருகேலுமெண்டா முட்டையும் விந்தும் எதுக்கு? இதுக்கு நம்மட கடல்லயே விடை இரிக்கு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டு ஹெர்மிஸ் எண்ட பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு வெளிய தாண்டது, 50 மீட்டருக்கும் கூட ஆழத்தில கிடக்கு. தாழக்குள்ள அது வெறும் இரும்பு. இப்ப அதில உசிர் ஒட்டிப் பிடிச்சிக் கிடக்கு. சுத்திவர மணல், பாதத்தால நகர்ற சாதிக்கு அவ்வளவு தூரம் மணலத் தாண்டி வர ஏலாது. அங்க ஒட்டினது பெரும்பாலும் தண்ணியில மிதந்து, குடம்பியா, அதாவது முட்டையில இருந்து வாற சின்னக் குஞ்சா வந்துதான் ஒட்டியிருக்கணும். பிளந்தா ஒரு கல்லு நிறையும், அடுத்த கல்லுக்குப் போகணுமெண்டா முட்டைதான் வேணும். அதோட எல்லாம் ஒரே மரபணுவா இருந்தா ஒரு நோய், ஒரு சூடு வந்தா எல்லாம் சேந்து போயிரும்.

பைக்குள்ள மடிப்பு மடிப்பா சுவர் இரிக்கு, முட்டையும் விந்தும் அதிலதான் விளையிறது. சில இனத்தில ஆண் வேற பெண் வேற, சில இனத்தில ரெண்டும் ஒரே உடம்பில. நேரம் வந்தா வாயால தண்ணிக்குள்ள விட்டிரும். அவுஸ்திரேலியாவில கோமாளி மீன் அனிமோன் ரெண்டு வகையப் பாத்திரிக்காங்க, பறுவம், அதான் முழு நிலவு, கழிஞ்சி வாற ராவுகளில, இருட்டினாப் பொறகு விடுது. கண்ணில்லாத ஒரு சீவன் நிலவுக் கணக்குப் பாத்து எல்லாம் ஒண்டா விடுறத நினைச்சா எனக்கு இப்பவும் மெய் சிலிர்க்கும்.

முட்டையும் விந்தும் தண்ணியில சேந்து பிளானுலா எண்ட குடம்பி வரும், உடம்பு முழுக்க மெல்லிய மயிர், அத அடிச்சி அடிச்சி நீந்தும். அந்த ரெண்டு வகையிலயும் முட்டைக்குள்ளயே தாய் தன்ட உடம்புக்குள்ள வாழுற பாசியையும் வெச்சி அனுப்புது, பயணம் போற பிள்ளைக்கு சோத்துப் பார்சல் கட்டிக் குடுக்கிற மாதிரி, அந்தப் பாசிதான் வெயில்ல சாப்பாடு ஆக்கிக் குடுக்கும். ஆனா கனக்க வழியிலயே மீனுக்கும் மற்றதுகளுக்கும் இரையாப் போகும். தப்பினது நல்ல இடமாப் பாத்து ஒட்டி, வாய் வெச்சி, கொம்பு வெச்சி வளரும்.

எல்லாம் பிள்ளையத் தண்ணியில விடுறதும் இல்ல. வட அமெரிக்காட மேற்குக் கரையில ஒரு சின்ன இனம் குட்டிகளத் தன்ட உடம்பில வெளிப்பக்கமா வரிசையா ஒட்டி வெச்சி வளக்கும். அது சின்னனா இருக்கக்குள்ள பெண், வளந்தா ஆணும் பெண்ணும் சேந்த உடம்பு. ஸ்கொட்லாந்தில 1828இல கடல்ல எடுத்த ஒரு அனிமோன் கண்ணாடிச் சாடிக்குள்ள 1887 மட்டும் இருந்து நூத்துக்கணக்கில குட்டி விட்டிரிக்கு, வயித்துக்குள்ள வளத்து வாயால வெளிய விடுற இனம் அது. அதுக்கு 'பாட்டி' எண்டே பேரு வெச்சாங்க.

கோமாளி மீனுக்கும் இதில பங்கு இரிக்கு. பசிபிக்ல மூரேயா தீவில செஞ்ச ஆய்வு 2005இல வந்தது, மீன் குடியிருந்த அனிமோன் கெதியா வளந்து கூடப் பிளவுபட்டிரிக்கு. மீன்ட கழிவு அதுக்குப் பசளை. அதால மீன மட்டும் பிடிச்சி வித்தாலும் அனிமோனுக்கு நட்டம்தான், தயவு செஞ்சி ரெண்டையும் விட்டிருங்க, கல்லு மேல ஏறி நிக்கவும் வேணாம்.

[காட்சி: பின்னேரம், கரை.]

ராவில முட்டை விடுறத நான் இன்னும் கண்ணால கண்டதில்ல. கச்சான் காத்து நேரம் கடல் அமைதியா இருக்கக்குள்ள, போயா கழிஞ்ச ராவில, பழகின ஆக்களோட பாதுகாப்பா நீங்க தண்ணிக்குள்ள இறங்கி, அனிமோன்ட வாய் உப்பிக்கிட்டுப் புகை மாதிரியோ மணி மணியாவோ வெளிய வாறதக் கண்டா, தொடாம நிண்டு திகதியையும் நேரத்தையும் குறிச்சிட்டு கீழ எழுதுங்க. மருமகனுக்கு நான்தான் முதல்ல காட்டணும்.